கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன்

கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன் (ஜனவரி 5, 1903 - ஆகஸ்ட் 11, 1974) நோர்வே நாட்டைச் சேர்ந்த அரசியலாளரும் இதழாசிரியரும் ஆவார். நோர்வே அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் இவரே. நோர்வே பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த இவர், 1945 ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை, நான்கு மாதங்களுக்குச் சற்று மேலாக அமைச்சர் பதவியில் இருந்தார். பின்னர் 1949 வரை நாடாளுமன்ற உறுப்பினராகப் பணியாற்றினார்.

பின்னணி

நோர்வேயில் பெண்களின் அரசியல் உரிமைகள் படிப்படியாகவே கிடைத்தன. உள்ளாட்சித் தேர்தல்களில் 1901 ஆம் ஆண்டிலும், நாடாளுமன்றத் தேர்தல்களில் 1907 ஆம் ஆண்டிலும், வருமான வரம்புக்கு உட்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. 1913 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டு, ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெண்களுக்குக் கிட்டியது. எனினும் அமைச்சர் பதவி அப்பொழுதும் அவர்களுக்கு மூடியே இருந்தது. 1916 ஆம் ஆண்டு செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தமே அத்தடையை நீக்கியது. சட்டம் இடங்கொடுத்த பின்னரும் ஒரு பெண் அமைச்சராவதற்கு மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

இளமையும் போர்க்காலமும்

இவர் நோர்வேயின் வட கோடியில் உள்ள துரோம்ஸ் மாவட்டத்தின் லிங்கென் என்னும் ஊரில் பிறந்தார். திருமணத்திற்கு முன் இவரது பெயர் கிர்ஸ்டன் மோ. இவரது கணவர் விகோ ஹான்ஸ்டீன், நோர்வேத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வழக்கறிஞர். அவரும் பொதுவுடைமைக் கட்சியினர்.

ஏப்ரல் 9, 1940 அன்று ஜெர்மனி நோர்வேயின் மீது படையெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. 1941 செப்டம்பர் 8 அன்று, தொழிற்சாலைகளில் தொழிலாளருக்கு வழங்கப்பட்டு வந்த பால் நிறுத்தப்பட்டதை எதிர்த்து ஒஸ்லோ நகரில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். இது பால் வேலைநிறுத்தம் என அறியப்படுகிறது. செப்டம்பர் 10 அன்று ஜெர்மானிய ஆட்சியாளர் யோசஃப் டெர்போஃபன் நகரில் நெருக்கடி நிலையை அறிவித்தார். அன்று மாலையே விகோ ஹான்ஸ்டீனும் தொழிற்சங்கப் பிரதிநிதி ரோல்ஃப் விக்ஸ்ட்ரோமும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் நோர்வேயில் நிறைவேற்றப்பட்ட அரசியல் மரண தண்டனைகளில் மிகவும் அறியப்பட்டவை இவ்விரண்டாகும்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டார். பெண்களுக்கென மறைவாக வெளியிடப்பட்ட கிவின்னெஃப்ரொன்டென் (பெண்கள் முன்னணி) என்னும் இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

அமைச்சரவையில்

1945 மே 8 அன்று நோர்வே விடுதலை பெற்றது. லண்டனில் இருந்து நாடு திரும்பிய அரசு பதவி விலகியதை அடுத்து, தொழிற்கட்சியின் ஐனார் கெர்ஹார்ட்சன் தலைமையில் ஜூன் 25 அன்று அனைத்துக் கட்சி அரசு அமைந்தது. எதிர்ப்பு இயக்கத்தில் ஆற்றிய பங்கும், 1944 இல் சோவியத் படைகள் கிழக்கு ஃபின்மார்க் பகுதியை விடுவித்ததும் பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கை உயர்த்தியிருந்தன. எனவே அக்கட்சிக்கு இரண்டு இடங்கள் அளிக்கப்பட்டன. ஒன்று யோஹான் ஸ்ட்ராண்ட் யோஹான்சனுக்கும், மற்றொன்று கிர்ஸ்டன் ஹான்ஸ்டீனுக்கும் கிடைத்தன.

இவர் சில நூல்களில் சமூக நல அமைச்சர் எனக் குறிப்பிடப்படுவதுண்டு. உண்மையில் அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ஸ்வென் ஒஃப்டடால் ஆவார். கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன் அதே துறையில் ஆலோசனை அமைச்சராக இருந்தார். அமைச்சரவையில் உறுப்பினர் என்ற தகுதி இவருக்கு இருந்தது. ஆனால் துறையின் தலைமை இவரிடம் இல்லை.

1945 அக்டோபரில் நடைபெற்ற தேர்தலில் தொழிற்கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. அனைத்துக் கட்சி அரசு நவம்பர் 5 அன்று முடிவுக்கு வர, இவரது பதவிக்காலமும் அத்துடன் முடிந்தது.

நாடாளுமன்றத்தில்

அதே தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி 150 இடங்களில் 11 இடங்களை வென்றது. கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன் ஆகெர்ஷுஸ் மாவட்டத்தில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். பனிப்போர் தொடங்கியபோது நிலைமை மாறியது. 1948 பெப்ரவரியில் செக்கோசிலோவாக்கியாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அதே மாதம் 29 ஆம் நாள், குரோகெரோய் என்னும் இடத்தில் ஆற்றிய உரையில், நோர்வேயின் விடுதலைக்கும் மக்களாட்சிக்கும் உள்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியே பெரும் அச்சுறுத்தல் என கெர்ஹார்ட்சன் எச்சரித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கட்சியினருக்குத் தம் அமைச்சரவையில் இடமளித்தவரும் அவரே. 1949 தேர்தலில் அக்கட்சி தன் எல்லா இடங்களையும் இழந்தது. கிர்ஸ்டன் ஹான்ஸ்டீனின் நாடாளுமன்றப் பணியும் அவ்வாண்டுடன் நிறைவுற்றது.

இதழியல்

ரவென்ஸ்புரூக் வதை முகாமில் இருந்து உயிர் மீண்ட ஹென்ரியெட்டா பீ லோரென்ட்சனுடன் இணைந்து, 1945 இல் கிவின்னென் ஓ தீடென் (பெண்ணும் காலமும்) என்னும் இதழை இவர் தொடங்கினார். கட்சி வேறுபாடுகளைக் கடந்த பெண்கள் இதழாக அது 1955 வரை வெளிவந்தது. பிற்காலத்தில் இவர் நூலகராகப் பணியாற்றினார்.

முக்கியத்துவம்

1945 நவம்பரில் இவர் விட்டுச் சென்ற ஆலோசனை அமைச்சர் பதவிக்குத் தொழிற்கட்சியின் ஓஸ்லாக் ஓஸ்லான் வந்தார். ஒஃப்டடால் 1948 இல் இறந்தபின், ஓஸ்லான் சமூக நலத் துறையின் முழுப் பொறுப்பையும் ஏற்று, நோர்வேயில் ஒரு துறைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணானார். 1981 இல் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் நாட்டின் முதல் பெண் பிரதமரானார். 1986 இல் அவர் அமைத்த அமைச்சரவையின் 18 உறுப்பினர்களில் 8 பேர் பெண்கள்.

கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன் வகித்த பதவி குறுகியது. அதன் அதிகாரமும் குறைவு. எனினும் 1945 க்குப் பின் நோர்வேயில் அமைந்த அமைச்சரவைகளில் பெண்ணுக்கு இடமளிக்கும் வழக்கம் இவரிடமிருந்தே தொடங்குகிறது.