காற்றின் உருவைக் கண்டவர்

தமிழ் கற்பிப்பதையே பணியாகக் கொண்ட எனக்குப் பௌதிகம் அயற்புலமே. எனினும், விமானங்களின் வேகத்தை மாக் என்று அளக்கின்றார்களே, அச்சொல்லின் வேர் யாது என்று மாணவன் ஒருவன் வினவியபோது வாளாவிருக்க மனம் வரவில்லை. சொல்லின் வேரைத் தேடிச் சென்ற நான் ஒரு மனிதரைக் கண்டேன்.

ஏர்ணஸ்ற் மாக் 1838ஆம் ஆண்டு, அக்காலத்தில் ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த மொறாவியாவிற் பிறந்தார். இளமையில் தந்தையாரிடமே பாடங்கேட்டார். தச்சுத் தொழிலும் பயின்றார். கையாற் செய்து, கண்ணாற் கண்டு தெளியும் இயல்பு அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. 1867 முதல் 28 ஆண்டுகள் பிராக் நகரிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கினார்.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. சன்னம் பட்ட வீரர்களின் உடலிற் கிண்ணம்போல் அகன்ற புண்கள் காணப்பட்டன. வெடிக்கும் சன்னங்களை விலக்கிய 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை மீறப்பட்டதென்ற பழி எழுந்தது. பெல்சிய அறிஞர் மெல்சன்ஸ் என்பாரோ, சன்னத்தின் முன்னே அமுங்கிச் செல்லும் காற்றே காரணம் என்றார். 1881இற் பாரிசில் அவ்வுரையைக் கேட்ட மாக், காற்றையே சாட்சிக்கு அழைக்கத் துணிந்தார்.

காணாத காற்றை எங்ஙனம் காண்பது? கடுவெயிலில் நிலத்தின்மேல் காற்று நெளிவதை நாம் கண்டிருக்கின்றோம். காற்றின் அடர்த்தி வேறுபட்டால் ஒளி வளையும். அவ்வளைவை நிழலாகக் காட்டும் முறையைத் தொப்ளர் என்பார் முன்னரே வகுத்திருந்தார். மாக் அம்முறையோடு மின்பொறியையும் புகைப்படத்தையும் இணைத்தார். முதன்முயற்சியில் அலை ஏதும் தோன்றவில்லை. சன்னம் ஒலியினும் விரைந்து செல்லவேண்டும் என அவர் உணர்ந்தார். அவருடைய யோசனைப்படி 1886இற் பியூமே நகரக் கடற்படைக் கல்லூரியிற் பீற்றர் சால்கர் என்பார் சோதனை நிகழ்த்தினார். படத்திலே சன்னத்தின் முன்னே வில்லென வளைந்த அலை நின்றது. பின்னே, ஓடும் படகின் பின்னால் நீர் சுழலுவதுபோலச் சுழிகள் மலிந்த கொந்தளிப்பு நீண்டது. ஒலியை விஞ்சிய வேகத்தில் காற்றுக்கு நேர்வதை மனிதக்கண் கண்டது.

அப்புண்களுக்குத் தசையினுள்ளே சன்னம் விளைக்கும் தாக்கமே பெருங்காரணம் எனப் பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் பழிசுமத்துமுன் கண்டறிக என்ற நெறி பொய்க்கவில்லை.

அந்நெறியே அவருக்கு எல்லையுமாயிற்று. கண்ணாற் காணவியலாத அணுவை உண்மைப்பொருளென ஏற்க அவர் நெடுங்காலம் மறுத்தார். அறிவுலகமோ அணுவின் பக்கமே சென்றது. பெரியோரைப் போற்றுவார் இதனை மறைத்தல் தகாது.

1898இல் வாதநோயால் அவர் உடலின் வலப்பக்கம் செயலிழந்தது, எழுத்துப்பணி நின்றிலது. 1916ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, தம் 78ஆவது பிறந்தநாளின் மறுநாள், மறைந்தார். ஒலிவேகத்தோடு ஒப்பிடும் அளவுக்கு 1929இல் மாக் எண் எனப் பெயரிட்டவர் சுவிற்சலாந்து அறிஞர் அக்கெறெற் ஆவர்.

மாணவனுக்கு இவற்றைக் கூறினேன். அச்சொல்லின் வேர், பார்க்கத் துணிந்த இரு கண்கள் என்றேன்.