நுண்ணுயிர்களை இனம் பிரித்த மருத்துவர்

சீனக்குடா ஆலையில் அரைபடும் கோதுமை மா திருகோணமலையின் போறணைகளில் பாணாகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கறக்கப்படும் எருமைப்பால் மண்சட்டியில் தயிராக உறைகிறது. மாவைப் பொங்கச் செய்வது மதுவம். பாலை உறையச் செய்வது பற்றீரியா. இரண்டையும் கிருமி என்ற ஒரே சொல்லால் அழைத்து நாம் பழகிவிட்டோம். சமையலறையில் இதனால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் நோயாளியின் படுக்கையருகே இந்த மயக்கம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அதனை உணர்ந்து நமது தீவிலேயே ஆராய்ந்த ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

அல்டோ கஸ்டெல்லானி 1874ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் கற்று, ஜேர்மனியின் பொன் நகரில் குரூசே என்ற பேராசிரியரிடம் பற்றீரியவியல் பயின்றார். 1902இல் தூக்க நோயை ஆராய உகண்டாவுக்கு அனுப்பப்பட்ட பிரித்தானியக் குழுவில் இடம்பெற்றார். அந்நோய்க்கு ஒரு வகைப் பற்றீரியாவே காரணம் என முதலில் கருதினார். பின்னர் நோயாளிகளின் முண்ணாண் நீரில் திரிபனோசோம் என்ற வேறு வகை ஒட்டுண்ணியைக் கண்டார். இக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்பது குறித்து அவருக்கும் டேவிட் புரூசுக்கும் இடையே எழுந்த சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. நுண்ணுயிரை இனங்காண்பதில் நேரும் சறுக்கல் எத்தகையது என்பதைத் தம் அனுபவத்திலேயே அவர் அறிந்திருந்தார்.

1903இல் கொழும்பு வந்த அவர் 1915 வரை இலங்கையில் பணியாற்றினார். வறண்ட வலயக் கிராமங்களை வாட்டிய பறங்கி நோயின் புண்களில், சுருள் வடிவான பற்றீரியா ஒன்றை 1905இல் கண்டறிந்தார். 1910இல் சால்மர்ஸ் என்பவருடன் இணைந்து வெப்பவலய மருத்துவக் கைந்நூலை வெளியிட்டார். பற்றீரியாவே மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்திருந்த அந்நாட்களில், நோயாளிகளிடம் காணப்பட்ட மதுவங்களையும் அவர் தனித்தனியே விவரித்தார். இன்று கன்டிடா ட்ரொபிகாலிஸ் எனப்படும் மதுவத்தை அவர் 1910இல் விவரித்தார். அதே ஆண்டில் விவரித்த இன்னொன்றுக்குத் தம் ஆசிரியர் குரூசேயின் பெயரைச் சூட்டினார்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது அன்று. பற்றீரியாவின் கலத்தில் மென்சவ்வால் சூழப்பட்ட கரு இல்லை. அது பெரும்பாலும் இரண்டாகப் பிளந்து பெருகும். மதுவமோ பங்கசு இனத்தைச் சேர்ந்தது. பற்றீரியாவைவிடப் பன்மடங்கு பருமனுடைய அதன் கலத்தில் நமது உடற்கலங்களைப் போலவே கரு உண்டு; பெரும்பாலான மதுவங்கள் அரும்பு விட்டுப் பெருகும். இரண்டின் கலச்சுவர்களும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. பெனிசிலின் தாக்குவது பற்றீரியாவின் சுவர் கட்டப்படும் வேலையை மட்டுமே. ஆகவேதான் கஸ்டெல்லானி கண்ட பறங்கி நோய் பிற்காலத்தில் ஒரேயொரு பெனிசிலின் ஊசிக்குப் பணிந்தது. அவர் விவரித்த மதுவங்களை அம்மருந்து தீண்டுவதேயில்லை. மதுவத்தின் கலம் நமது கலத்தை ஒத்திருப்பதால், நமக்குத் தீங்கின்றி அதனை அழிக்கும் மருந்துகளும் சிலவே.

இலங்கையை விட்டு நீங்கிய பின் கஸ்டெல்லானியின் வாழ்வு முசோலினியின் ஆட்சியுடன் பிணைந்தது. எதியோப்பியா மீது இத்தாலி தொடுத்த போரில் படையின் மருத்துவப் பணிக்கு அவர் தலைமை தாங்கினார். அவரது புகழில் படிந்த இந்தக் கறையை நாம் மறைப்பதற்கில்லை. இத்தாலியில் முடியாட்சி வீழ்ந்த பின் போர்த்துக்கலுக்குச் சென்ற அவர், 1971 ஒக்ரோபரில் லிஸ்பன் நகரில் தமது 97ஆவது வயதில் காலமானார்.

எனினும், அவர் கொழும்பில் செய்த பணியின் பெறுமதி குன்றிவிடவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில் அவர் விவரித்த இவ்விரு மதுவங்களும் இடம்பெற்றுள்ளன. குரூசேயின் பெயர் தாங்கிய மதுவம், பரவலாகப் பயன்படும் புளூக்கொனசோல் மருந்துக்கும் இயல்பாகவே கட்டுப்படாதது.

நாமோ காய்ச்சல் கண்டவுடன் மருந்தகத்தில் நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளைக் கேட்டு வாங்குகிறோம். அயலவர் வீட்டில் எஞ்சியவற்றையும் விழுங்குகிறோம். அவை நமக்கு நன்மை செய்யும் பற்றீரியாக்களையும் அழிக்கின்றன. அவ்வெற்றிடத்தில் மதுவம் தழைத்து வாயிலும் பிறப்புறுப்பிலும் வெண்படலமாய்ப் படர்கிறது. அதற்கும் அதே மாத்திரையை நாடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். வைத்தியரை நாடி, எந்த நுண்ணுயிர் என்று உறுதி செய்த பின்னரே மருந்து உட்கொள்வது நமது பொறுப்பாகும். நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து பிரித்தறிந்ததை, நாம் அறியாமையால் மீண்டும் ஒன்றாய்க் குழப்பிவிடலாகாது.