ஒளியை எண்ணிய ஆசிரியர்

எமது மட்டக்களப்பு வாவியில் இரண்டு தோணிகள் அருகருகே செல்லும்போது அவற்றின் அலைகள் ஒன்றையொன்று சந்திக்கும். சில இடங்களில் நீர் உயர்ந்தெழும். சில இடங்களில் அடங்கிவிடும். பௌதிகவியலில் இதனைத் தலையீடு என்று படிக்கிறோம். ஒளியும் இவ்வாறு செய்வதால் அது அலையே என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பினர். ஆனால் 1905இல் ஐன்ஸ்டீன், ஒளி சிறு சக்திப் பொதிகளாகவும் நடந்துகொள்கிறது என்றார். ஒளியின் இந்தத் துணிக்கைத் தன்மையைத் துணிந்து கணக்கிட்டவர் அயல்நாட்டு ஆசிரியர் ஒருவர் என அறிந்தபோது நான் வியந்தேன். அவர் சத்தியேந்திரநாத் போஸ்.

1894 ஜனவரி 1ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த போஸ், 1921இல் புதிதாகத் தொடங்கிய டாக்காப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கச் சேர்ந்தார். சூடான பொருள்கள் வெளியிடும் ஒளி பற்றிய பிளாங்கின் விதிக்கு அன்றிருந்த நிறுவல் அவருக்குத் திருப்தி தரவில்லை. அதில் அலைக்கொள்கையும் துணிக்கைக்கொள்கையும் ஒட்டுப்போட்டாற்போல் கலந்திருந்தன. துணிக்கைகளை மட்டும் கொண்டு அவ்விதியை அவர் பெற்றுக் காட்டினார்.

அதற்கு எண்ணும் முறையே மாறவேண்டியிருந்தது. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் விளைவுகள் நான்கு: இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை மற்றது பூ, முதலாவது பூ மற்றது தலை. எது முதலாவது என்று பிரித்தறியவே முடியாதெனின் விளைவுகள் மூன்றுதான். ஒளித்துணிக்கைகள் அப்படிப்பட்டவை என்பதே போஸின் கணக்கின் உட்பொருள்.

1924 ஜூனில் அக்கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். பின்னர் அக்கணக்கை வாயு அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை ஒரே நிலையில் ஒடுங்கும் என்றார். 1995இல் அது ஆய்வுகூடத்தில் நிறைவேறியது. 1997இல் அத்தகைய இரு அணுத்திரள்கள் சந்தித்தபோது தலையீட்டு வரிகள் தோன்றின, அணுக்களும் அலைகளாயின! 1974இல் மறைந்த போஸ் இதைக் காணவில்லை. ஆயினும் அவ்வகைத் துணிக்கைகள் அவர் பெயரால் 'போசோன்' என்றே அழைக்கப்படுகின்றன.

உலகப் புகழ் பெற்ற பின்னும் 1948இல், வங்காள மொழியில் விஞ்ஞானம் பரப்ப ஒரு கழகமும் சஞ்சிகையும் தொடங்கினார் போஸ். பௌதிகவியல் பெண்பிள்ளைகளுக்குக் கடினம், அதுவும் தமிழில் படித்து என்ன பயன் என்று எம்மிடம் சொல்வோர் உண்டு. பெற்றோரே, தோழியரே, அவர்களுக்கு நான் இவரது வாழ்க்கையையே சொல்வேன். ஒரு நிறுவலை மனனமிடுவதோடு நில்லாமல், அது ஏன் சரி என்று எம் மொழியிலேயே கேட்கத் தொடங்குவோம்.