வேதசாட்சியான ஓர் உபதேசியார்



சுவாமியார் மலையேறி வர இயலாத ஞாயிறுகளில், நம் வளப்பூர் நாட்டுச் சிற்றூர்களைப் போன்ற இடங்களில் ஜனங்களைக் கூட்டிச் செபமாலை சொல்லி வைப்பவர் உபதேசியாரே. அப்படிப்பட்ட ஓர் உபதேசியாரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

பசிபிக் சமுத்திரத்தில் நியூ பிரிட்டன் என்றொரு தீவு உண்டு. அதில் ரபவுல் பட்டணத்துக்கு அருகேயுள்ள ரகுனாய் என்னும் ஊரில் 1912-ம் வருஷம் பேதுரு டோ ரோட் பிறந்தார். (டோ என்பது அத்தீவில் ஆண்பிள்ளைகளின் பெயருக்கு முன் வரும் சொல், பெண்களுக்கு இயா.) தகப்பனார் ஊர்த் தலைவர். பேதுரு உபதேசியார் பள்ளியில் கற்று, 1933-ல் ரகுனாய்க்கே திரும்பி, திரு இருதய சபையைச் சேர்ந்த லாபர் சுவாமியாருக்கு உதவியாக இருந்தார். 1936-ல் பவுலா இயா வார்பிட் என்பவரை மணந்தார்.

1942 ஜனவரி 23-ந் தேதி ஜப்பானியப் படை ரபவுலில் இறங்கிற்று. குருக்களும் கன்னியரும் சிறைப்பட்டார்கள். லாபர் சுவாமியார் போகுமுன் பங்கை டோ ரோட்டின் கையில் ஒப்புவித்தார். மறு வருஷம், சிங்கப்பூரில் பிடிபட்ட நம் இந்தியப் போர்வீரர் ஆயிரக்கணக்கானோரையும் அந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து அடிமை வேலை வாங்கினார்கள். அவர்களில் மாண்ட பலருடைய கல்லறைகளை ரபவுலுக்கருகே பீட்டா பாக்கா மயானத்தில் இன்றும் காணலாம்.

டோ ரோட் சும்மாயிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், மணமக்களின் விவாகத்துக்குச் சாட்சி நின்றார், மரித்தோரை அடக்கம்பண்ணினார், எல்லாவற்றையும் கணக்கில் எழுதி வைத்தார். கோயில் இடிபட்டபோது ஊருக்கு வெளியே தழைகளால் ஒரு கோயில் கட்டினார். பூசைப் பாத்திரங்களை மண்ணுக்குள் புதைத்துக் காத்தார். செபம் கூடாதென்று தடை வந்தபின் இரகசியமாய்க் கூடினார்கள்.

இனி வருவதே முக்கியமானது. ஊர்த் தலைவர்களின் தயவைப் பெற எண்ணி, ஒருவன் பல பெண்களைக் கொள்ளும் பழைய வழக்கத்தை ஜப்பானியர் மீண்டும் அனுமதித்தார்கள். டோ ரோட் அதை வெளிப்படையாக எதிர்த்தார். கண்டும் காணாதவராய் இருந்திருந்தால் ஒருவேளை உயிர் பிழைத்திருப்பார். குருவே இல்லாத ஊரில் அவரைக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்? ஆனால் இரண்டாம் மனைவியை நாடிய ஒரு போலீஸ்காரன் அவரைக் காட்டிக்கொடுத்தான். 1945-ல் பிடித்துக்கொண்டு போய் வுனயாரா சிறையில் அடைத்தார்கள். தண்டனை இரண்டு மாதம்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு, மற்ற இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பவுலா சிறைக்கு வந்தாள். அவர் தம்முடைய உபதேசியார் சிலுவையையும் நல்ல உடையையும் கொண்டுவரச் சொன்னார். தமக்கு மருந்து கொடுக்க வைத்தியன் வரப்போகிறானென்று தாயாரிடம் தெரிவித்து, வேண்டிக்கொள்ளச் சொல்லியனுப்பினார். அன்றிரவு மற்றக் கைதிகளை வேறிடத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். வைத்தியன் ஊசி போட்டான். குடிக்கவும் ஏதோ கொடுத்தான். அவர் துடித்தபோது பிடித்து அழுத்திக் கொன்றார்கள்.

மனம் பொறாமல் திரும்பி வந்த கைதிகள் அவருடைய சடலத்தைக் கண்டார்கள். உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை. மறுநாள் காவலர்கள் வியாதியால் செத்தாரென்று சொன்னார்கள். அந்தக் கைதிகள் உயிர்பிழைத்துச் சாட்சி சொல்லாதிருந்தால் அந்தப் பொய்யே நிலைத்திருக்கும். அவர் முகம் சவரம் செய்துகொண்டதும் நல்ல உடை உடுத்தியதும் அவர்களும் வீட்டாரும் மறவாது சொன்னதால்தான் நமக்குத் தெரியும்.

ரகுனாயில் அடக்கத்துக்குத் திரளான ஜனங்கள் வந்தார்கள். வாய்விட்டுச் செபிக்கப் பயந்து மௌனமாய் நின்றார்கள். சில வாரங்களில், ஆகஸ்டு 15-ல், ஜப்பான் சரணடைந்தது.

1995 ஜனவரி 17-ல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் போர்ட் மோர்ஸ்பிக்கே வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2025 அக்டோபர் 19-ல் பதினான்காம் லியோ பாப்பரசர் ரோமையில் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தப்படுத்தினார். பாப்புவா நியூ கினி தேசத்தின் முதல் அர்ச்சியசிஷ்டவர் அவர். திருநாள் ஜூலை 7.