கருத்து வேறு, அன்பு வேறு

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரின் பெயரைச் சொன்னதும் நம்மில் பலருக்கு அவருடைய ஆங்கில நாவன்மை நினைவுக்கு வரும். வேறு சிலருக்கோ, காந்தியடிகளின் இயக்கத்தை ஏற்காத மிதவாதி என்ற எண்ணமே எழும். அடிகளை மறுத்துப் பேசியவரைத் தேசபக்தர் வரிசையில் வைப்பது தகாது என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நண்பரின் நாட்டுப்பற்றில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அவருடைய முடிவை ஏற்க என் மனம் இசையவில்லை. அதற்கான காரணத்தைச் சாஸ்திரியாரின் வாழ்க்கையே சொல்லட்டும்.

1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பத்தே நாள் கழித்துப் போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்று பட்டம் பெற்ற சாஸ்திரியார், ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். மாயூரத்திலும் சேலத்திலும் பணியாற்றியபின், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். அந்த மதிப்பான பதவியைத் துறந்துவிட்டு 1907இல் அவர் சேர்ந்த இடம் இந்திய ஊழியர் சங்கம். கோகலே அவர்கள் 1905இல் புனே நகரில் நிறுவிய அச்சங்கத்தில், சிறு ஊதியத்தில் வாழ்ந்து நாட்டுக்கு உழைப்பதாக உறுப்பினர்கள் சூளுரைக்க வேண்டும்.

1915 பிப்ரவரியில் கோகலே காலமானார். தலைமைப் பொறுப்பு சாஸ்திரியாரிடம் வந்தது. அப்பொழுதுதான் ஒரு சங்கடமும் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அவ்வாண்டுத் தொடக்கத்தில் திரும்பியிருந்த காந்தியடிகள், தாம் குருவாகக் கருதிய கோகலேயின் சங்கத்தில் உறுப்பினராக விரும்பி விண்ணப்பித்தார். உறுப்பினர்கள் இரு பிரிவாயினர். அடிகளின் தியாகத்தை எவரும் ஐயுறவில்லை. அவருடைய கொள்கையும் முறையும் சங்கத்தின் வழியோடு பொருந்துமா என்பதே கேள்வி. கூடிப் பேசியும் முடிவு எட்டாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பெரும்பான்மை வாக்கைக் கொண்டு உள்ளே நுழைவது கோகலேக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று அடிகள் உணர்ந்தார். மறு கூட்டமே வேண்டாம் என்று சாஸ்திரியாருக்கு எழுதி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறுத்தவர்கள் இழிவாகப் பேசவில்லை. மறுக்கப்பட்டவர் மனம் கசக்கவுமில்லை. அவர்களுக்கிடையே அன்பு முன்னிலும் உறுதிப்பட்டது.

1919இல் ரௌலட் மசோதாக்கள் வந்தன. சட்டசபையில் சாஸ்திரியார் அவற்றைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அன்று பார்வையாளராக இருந்த காந்தியடிகள் அந்தப் பேச்சை வியந்து தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். ஆனால் அதே மசோதாக்களை எதிர்த்து அடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தபோது, சாஸ்திரியார் அதில் சேர மறுத்தார். சட்டத்தை மீறப் பழகிய மக்கள், நாளை நம் சொந்த அரசின் சட்டத்தையும் மதியார் என்று அவர் அஞ்சினார். ஒத்துழையாமை இயக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. நாட்டில் அவருடைய செல்வாக்குக் குன்றியது. கூட்டம் போகும் திசை தெரிந்தும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய கணிப்புச் சரியா? ஆங்கிலேயரின் நியாய உணர்வில் அவர் வைத்த நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பதே என் எண்ணம். மனுக்களும் சொற்பொழிவுகளும் எட்டாத சிற்றூர்களையெல்லாம் சத்தியாக்கிரகம் தட்டி எழுப்பியது. இந்த அளவில் நான் நண்பரின் பக்கமே. ஆனால் கணிப்பில் தவறியவர் பற்றில் குறைந்தவர் ஆகிவிடுவாரா?

அடிகள் அப்படி எண்ணவில்லையே! 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் பிரதிநிதியை அனுப்ப வேண்டி வந்தபோது, சாஸ்திரியாரே தக்கவர் என்று வற்புறுத்தியவர் காந்தியடிகள். அங்கே இந்தியப் பிள்ளைகளின் கல்விக்காக அவர் முயன்றதன் பயனாக எழுந்த டர்பன் சாஸ்திரி கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1931இல் காந்தி–இர்வின் உடன்படிக்கை உருவானபோது, இடைநின்று உதவியவர்களுள் அவரும் ஒருவர். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். அடிகளின் சுயசரிதையின் ஆங்கில ஆக்கத்தைத் திருத்திக் கொடுத்தவரும் அவரே. தம் பெயரை வெளியிடலாகாது என்பதே அதற்கு அவர் விதித்த நிபந்தனை. எதிராளியின் புகழுக்குத் திரைமறைவில் உழைத்த எதிராளி எத்தனை பேர் இருப்பார்கள்!

1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் படுத்திருந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுக் கருத்து வேற்றுமை தீரவேயில்லை, நட்பும் தேயவேயில்லை.

தேர்தல் காலம் வந்தால் நம் விடுதியிலும் வேட்பாளர்களைப் பற்றிய விவாதம் சூடேறுகிறது. ஒரே அறையில் தங்கி, ஒரே பாத்திரத்துச் சாம்பாரை உண்பவர்கள்கூட வாரக்கணக்கில் முகம் பாராதிருக்கிறார்கள். நண்பர்களே, வேட்பாளரின் கொள்கையை அலசுங்கள். குறை கண்டால் தயங்காமல் எடுத்துரையுங்கள். எதிரே இருப்பவரின் நேர்மையை மட்டும் விசாரணைக்கு இழுக்காதீர்கள். வாக்கு எண்ணி முடிந்தபின்னும் அவரோடுதானே நாம் ஊருக்கு ரயில் ஏற வேண்டும்?