ரீசார்ஜ் பேட்டரியின் தந்தை: ஈயத் தகட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய காஸ்டன் பிளான்டே

கரன்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டர் ஆன் ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் கார் இன்ஜின் உறுமுகிறது. பெரும்பாலும் இரண்டுக்கும் பின்னால் இருப்பது லெட் ஆசிட் பேட்டரிதான். அதை 1859-ல் உருவாக்கியவர் பிரான்ஸ் இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே. அப்போது அவருக்கு வயது 25.

ஆனா, அந்த முதல் பேட்டரியில் மின்சாரம் கொஞ்சம்தான் தங்கியது. அதை அதிகமாக்கும் வழியைத் தேடித்தான் பல வருஷம் போராடினார்.

யார் இந்த பிளான்டே?

1834 ஏப்ரல் 22-ல் தென்மேற்கு பிரான்ஸின் ஒர்தேஸ் ஊரில் பிறந்தார். அண்ணன் தம்பிகளில் ஒருவரான பிரான்சிஸ் பிளான்டே, பின்னாளில் புகழ்பெற்ற பியானோ கலைஞர். 1854-ல் பாரிஸில் உள்ள கலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார் காஸ்டன். அவருடைய மேலதிகாரி, வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வருவதை 1839-லேயே கண்டறிந்த எட்மண்ட் பெக்கரல்.

அடுத்த வருஷம் பாரிஸ் அருகே மியூடோனில் ஒரு ராட்சதப் பறவையின் எலும்புப் படிவத்தைக் கண்டெடுத்தார். எப்போதோ அழிந்துபோன அந்தப் பறவைக்கு அவர் பெயரிலேயே ‘காஸ்டோர்னிஸ்’ என்று பெயர் வைத்தார்கள்!

ஏன் ஈயம்?

அன்றைய பேட்டரிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். உள்ளே இருக்கும் உலோகத்தையும் ரசாயனத்தையும் மாற்றியாக வேண்டும். ஆனால் அமிலத்தில் வைத்த இரண்டு தகடுகளில் மின்சாரம் பாய்ச்சி நிறுத்தினால், சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்சாரம் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். பிளான்டே வெவ்வேறு உலோகங்களை வைத்து அதைச் சோதித்தார். எல்லாவற்றையும் முந்தியது ஈயம்.

இரண்டு ஈயத் தகடுகள், அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் துணி. அப்படியே பாய் போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்க வைத்தார். அவ்வளவுதான் பேட்டரி. 1860-ல் இப்படிப்பட்ட 9 செல்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் காட்டினார்.

சிக்கல் எங்கே?

சார்ஜ் ஏற்றும்போது பாசிட்டிவ் தகட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஈய டை ஆக்சைடு வளர்கிறது. மின்சாரத்தைச் சேமிப்பதில் பாதி வேலை இதனுடையது. ஆனால் வழவழப்பான தகட்டில் இது மெல்லிய தோல் மாதிரி மூடிக்கொள்ளும். அடியில் உள்ள ஈயத்தை அமிலம் தொட முடியாது, வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். பிளான்டேவுக்குத் தேவைப்பட்டது, அமிலம் உள்ளே இறங்கும் அளவுக்கு ஓட்டை ஓட்டையான, ஸ்பாஞ்ச் மாதிரியான ஆக்சைடு.

அதற்கு அவர் பிடித்த கருவி, மின்சாரத்தின் திசையும் நேரமும். சார்ஜ் ஏற்றுவார், இறக்குவார், பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றி மறுபடி ஏற்றுவார். ஆரம்பத்தில் ஒரே நாளில் பலமுறை. போகப் போக இடையில் விடும் ஓய்வை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீட்டினார்.

இது ஏன் வேலை செய்தது? டிஸ்சார்ஜ் ஆகும்போது உருவாகும் ஈய சல்ஃபேட், ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு உப்பி, தளர்ந்து, நுண்துளைகள் பெருகும். ஓய்வு நேரத்திலும் ஆக்சைடும் அடியில் உள்ள ஈயமும் மெதுவாக வினைபுரியும். அடுத்த சார்ஜில் அடுக்கு இன்னும் ஆழமாக இறங்கும். ஆனா, ரொம்ப ஆழமாகப் போனால் தகடே பலவீனமாகிவிடும்.

யார் ஜெயித்தது?

இந்தப் பக்குவத்துக்கு மாதக்கணக்கில் நேரம் ஆனது. போதாக்குறைக்கு அன்று நடைமுறைக்கு ஏற்ற டைனமோவும் கிடையாது. ஒரு பேட்டரியை சார்ஜ் செய்ய, தீர்ந்துபோகும் இன்னொரு பேட்டரியைத்தான் செலவழிக்க வேண்டும். தொழிற்சாலைக்கு இது கட்டுப்படியாகுமா?

1881-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரரான கமில் ஃபோர் குறுக்குவழி கண்டுபிடித்தார். ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசிவிட்டார். பல மாத வேலை சட்டெனச் சுருங்கியது. வியாபாரம் சூடுபிடித்தது. பிளான்டேயும் சும்மா இருக்கவில்லை. தகட்டை முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, தன் முறையை வேகப்படுத்தினார்.

பூசிய பசை நாளடைவில் உதிரும். உலோகத்திலிருந்தே வளர்ந்த ஆக்சைடு தகட்டை விட்டு எளிதில் பிரியாது. அதனால் நீண்ட ஆயுள் தேவைப்பட்ட மின் நிலையங்களில் ‘பிளான்டே தகடு’ பேட்டரிகள் நிலைத்து நின்றன.

அவர் பார்க்காத படிகம்

1889 மே 21-ல், 55 வயதில் பிளான்டே காலமானார். படிகத்தின் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ்-ரே முறை 1912-ல்தான் வந்தது. ஈய டை ஆக்சைடு, ஆல்ஃபா, பீட்டா என இரண்டு படிக வடிவங்களில் வளரும் என்பது 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவானது. அமிலம் குறைவாக எட்டும் இடத்தில், உலோகத்தை ஒட்டி வளர்வது ஆல்ஃபா. அது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அமிலம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் வளர்வது பீட்டா. அது அதிக மின்சாரம் தரும். இது எதுவும் தெரியாமலேயே, சார்ஜையும் ஓய்வையும் வைத்து அந்த வளர்ச்சியை வழிநடத்தியிருக்கிறார் மனுஷன்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காலியாகவே பல வாரம் விட்டால் சல்ஃபேட் படிகங்கள் பெரிதாகிக் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் சரியாக ஏறாது. இங்கேயும் பிரச்சினை படிகத்தின் வடிவமும் அளவும்தான்.

புது பேட்டரிக்குத் தொழிற்சாலையில் கொடுக்கும் முதல் சார்ஜுக்கு இன்றும் ‘ஃபார்மேஷன்’ என்றுதான் பெயர். தன் நீண்ட சுற்றுகளுக்கு பிளான்டே பயன்படுத்திய அதே சொல்.