எலியாஸ் ஹோல்

எலியாஸ் ஹோல் (பிப்ரவரி 28, 1573 - ஜனவரி 6, 1646) ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். இவர் கட்டிய ஆக்ஸ்பர்க் நகர மண்டபம், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே எழுந்த மறுமலர்ச்சிக் காலக் கட்டிடங்களுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மண்டபம் முடிந்து சில ஆண்டுகளிலேயே, சமயத்தைக் காரணம் காட்டி நகரம் இவரைப் பணிநீக்கம் செய்தது.

இளமை

இவரது தந்தை ஹான்ஸ் ஹோல் ஒரு தலைமைக் கொத்தனார். எலியாஸ் தந்தையிடமே தொழில் கற்றார். 1600-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வணிகருடன் வெனிஸ் நகருக்குச் சென்று அங்குள்ள கட்டிடங்களைப் பார்வையிட்டார். இப்பயணத்தின் தாக்கத்தை இவரது பிற்காலப் பணிகளில் காணலாம்.

நகரப் பணி

1602-இல் நகரக் கட்டுமானத் தலைவராக நியமிக்கப்பட்டார். இது இன்றைய மாநகராட்சித் தலைமைப் பொறியாளர் பதவியை ஒத்தது எனலாம். ஆயுதசாலை, பள்ளிக்கூடம், மருத்துவ இல்லம், நகர வாயில்கள் எனப் பலவற்றை இவர் கட்டினார். 1609-இல் முடிந்த இறைச்சி அங்காடி குறிப்பிடத்தக்கது. அதன் அடியில் ஓடும் கால்வாய் நீர் இறைச்சியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும், கழிவுகளை அகற்றவும் பயன்பட்டது.

நகர மண்டபம்

1385-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய கோதிக் மண்டபத்தைப் புதுப்பிப்பதே நகர அவையின் முதல் எண்ணமாக இருந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி ஹோல் அவையினரை இணங்கச் செய்தார். பழைய மண்டபத்தின் கோபுரத்தில் இருந்த மணிக்கு வேறு இடம் தேவைப்பட்டது. எனவே அருகிலிருந்த பெர்லாக் கோபுரத்தை முதலில் உயர்த்தி, மணியை அதற்கு மாற்றினார்.

புதிய மண்டபத்தின் அடிக்கல் 1615 ஆகஸ்டில் நாட்டப்பட்டது. 1620-இல் கட்டுமானமும், 1624-இல் உள் அலங்காரமும் நிறைவுற்றன. முகப்பில் அலங்காரம் மிகக் குறைவு. சாளரங்களின் ஒழுங்கான வரிசையே அதன் அழகு. மேலே உள்ள இரு குமிழ்க் கோபுரங்கள் முதல் திட்டத்தில் இல்லை. ஹோலின் வற்புறுத்தலாலேயே அவை சேர்க்கப்பட்டன. உள்ளே உள்ள பொன் மண்டபம் சுமார் 14 மீட்டர் உயரமுடையது. அதன் உட்கூரையைத் தாங்கத் தூண்கள் இல்லை. அது மேற்கூரையின் மரச்சட்டத்திலிருந்து தொங்குகிறது. ஓவியர் மத்தியாஸ் காகர் அதன் அலங்காரத்தில் பெரும்பங்கு வகித்தார்.

பணிநீக்கம்

ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து வாழ்ந்தனர். முப்பதாண்டுப் போரின்போது, 1629-இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து அங்கு புரட்டஸ்தாந்து வழிபாடு தடை செய்யப்பட்டது. புரட்டஸ்தாந்தரான ஹோல் கத்தோலிக்க வழிபாட்டிற்குச் செல்ல மறுத்ததால் 1631-இல் பதவியை இழந்தார். 1632-இல் சுவீடன் படைகள் நகரைக் கைப்பற்றியபோது மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். 1635-இல் நகரம் பேரரசரின் படைகளிடம் வீழ்ந்ததும் மறுபடியும் நீக்கப்பட்டார். அதன்பின் தம் இறப்பு வரை பதவி எதுவுமின்றி வாழ்ந்தார். இவர் எழுதிய குடும்ப வரலாறு, இவரது வாழ்வையும் பணிகளையும் அறிய முக்கிய ஆதாரமாகும்.

பிற்காலம்

1944 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சில் நகர மண்டபத்தின் உட்பகுதி முற்றிலும் எரிந்தது, சுவர்கள் எஞ்சின. போருக்குப் பின் கட்டிடம் சீரமைக்கப்பட்டது. பொன் மண்டபம் பழைய வடிவிலேயே மீண்டும் அமைக்கப்பட்டு 1985-இல் திறக்கப்பட்டது. மண்டபத்தின் பின்புறமுள்ள சதுக்கம் எலியாஸ் ஹோல் பெயரால் அழைக்கப்படுகிறது.